குடிபெயர்தல்

பறவை கூடு கட்டுகிறது. குஞ்சுகள் பறந்து சென்றபின் அக்கூட்டைத் திரும்பியும் பாராமல் விட்டுவிடுகிறது. ஆமையோ தன் வீட்டை முதுகிலேயே சுமந்து திரிகிறது. மனிதனுக்கு இவ்விரண்டும் இயலா. அவன் வீட்டை விட்டுச் செல்லவும் வேண்டும். வீட்டில் உள்ளவற்றைக் கொண்டு செல்லவும் வேண்டும். எதை விடுவது, எதைக் கொள்வது, எதைப் பிறர் கையில் ஒப்படைப்பது, எதைத் தன் கையிலேயே எடுத்துச் செல்வது என்னும் நான்கு வினாக்கள் குடிபெயரும் நாளில் அவன்முன் வந்து நிற்கின்றன. அவற்றுக்கு விடை காண்பது எளிதன்று.

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது துவாக்குடி. இவ்வூர் வந்தோரால் வளர்ந்த ஊர். இங்கே 1964-ஆம் ஆண்டில் வட்டாரப் பொறியியற் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதுவே 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்தது. அண்மையிலுள்ள திருவெறும்பூர்ப் பகுதியில், 1960-களில், செக்கோசுலோவாக்கிய நாட்டின் தொழில்நுட்பத் துணையுடன் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. அவ்வாலைக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகள் துவாக்குடித் தொழிற்பேட்டையில் பெருகின. வேலை தேடிப் பல மாவட்டத்தாரும் வந்தனர். வாடகைக்கு வீடு பிடித்தனர். பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். பணி முடிந்ததும் அவர்களுட் பலர் மீண்டும் மூட்டை கட்டினர். வருவதும் போவதும் இவ்வூருக்குப் புதியன அல்ல.

அத்தகைய குடும்பங்களுள் ஒன்று அது. குடும்பத் தலைவர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்தவர். செய்து முடித்த கொதிகலன் உறுப்புகளைக் கட்டி, பெட்டியிலிட்டு, எண் எழுதி, வண்டியேற்றி அனுப்பும் பிரிவில் இருந்தவர். யானை போன்ற இரும்புருளைகளையும் கீறல் படாமல் அனுப்பியவர். ஓய்வு பெற்றதும், கோயம்புத்தூரில் வேலையிலிருக்கும் மூத்த மகனுடன் சென்று வாழ்வதென்று முடிவாயிற்று. அன்னையார், மனைவியார், பத்தாம் வகுப்பை முடித்திருந்த இளைய மகள் ஆகிய மூவரும் அவருடன் இருந்தனர்.

“இத்தனை ஆண்டுகள் ஊரார் பொருளையெல்லாம் கட்டி அனுப்பினேன். நம் வீட்டுப் பொருளைக் கட்டுவதா கடினம்?” என்றார் அவர்.

மனைவியார் நகைத்தார். “உங்கள் இரும்பு உடையாது, என் ஊறுகாய்ச் சாடி உடையுமே!” என்றார்.

அந்தச் சொல்லின் உண்மையைச் சில நாட்களில் அவர் உணர்ந்தார். ஆகவே, வீட்டுப் பொருள்களைக் கட்டி ஏற்றி, கொண்டு சேர்த்து, இறக்கியும் கொடுக்கும் நிறுவனம் ஒன்றை அமர்த்த முற்பட்டார். ‘பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்’ என்று மக்கள் வழங்கும் இத்தகைய நிறுவனங்கள் இன்று பெரும்பாலான நகரங்களிலும் உள்ளன. முன்னாளில் ஒரு மாட்டு வண்டியும் நான்கு உறவினரும் போதியவையாக இருந்தன. அன்று வீட்டில் இருந்தவை பாய், பானை, மரப்பெட்டி, அம்மி ஆகியவையே. இன்றோ குளிர்பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, கட்டில், அலமாரி எனப் பொருள்கள் பெருகிவிட்டன. அவற்றைக் கட்டுவதும் ஒரு தனித்தொழில் ஆகிவிட்டது.

அவர் மூன்று நிறுவனங்களை அணுகினார். முதல் நிறுவனத்தார் தொலைபேசியிலேயே ஒரு தொகையைக் கூறினர். அது மிகக் குறைவாக இருந்தது. “உடனே முன்பணம் அனுப்புங்கள், வண்டி வந்துவிடும்” என்றனர். இரண்டாம் நிறுவனத்தார் ஏறக்குறைய இரு மடங்கு கேட்டனர். மூன்றாம் நிறுவனத்தார் தொகை எதுவும் கூறவில்லை. “நேரில் வந்து பார்த்துச் சொல்லுகிறோம்” என்றனர்.

குறைந்த தொகையிலேயே அவர் மனம் சென்றது. அப்பொழுது மனைவியார், “பாராமல் விலை சொல்லுகிறவர் பார்த்தபின் வேறு விலை சொல்லுவார்” என்றார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அடுத்த தெருவில் வாழ்ந்த குடும்பம் ஒன்று, இவ்வாறே குறைந்த விலைக்கு மயங்கி, முகவரியும் அறியாத ஒருவரிடம் பொருள்களை ஒப்படைத்தது. பொருளெல்லாம் வண்டியில் ஏறியபின் தொகை இரட்டித்தது. கொடுத்தாலன்றி இறக்கமாட்டோம் என்று வண்டியோடு வந்தவர்கள் கூறினர். புதிய ஊரில், இரவு நேரத்தில், கைக்குழந்தையுடன் தெருவில் நின்ற அக்குடும்பம் வேறு வழியின்றிக் கேட்டதைக் கொடுத்தது.

மூன்றாம் நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் வீட்டை அறை அறையாகப் பார்த்தார். கட்டிலைக் கழற்ற இயலுமா, வாயிலில் லாரி நிற்க இடமுண்டா, செல்லும் வீடு எத்தனையாவது மாடியில் உள்ளது, அங்கே மின்தூக்கி உண்டா என்றெல்லாம் வினவினார். வாடகை தொலைவை மட்டும் பொறுத்ததன்று; பொருளின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, கட்டும் சாமான், ஏறும் படி, செல்லும் நாள் ஆகிய அனைத்தையும் பொறுத்தது. ஆடியிலும் மார்கழியிலும் நம் மக்கள் பெரும்பாலும் வீடு மாறுவதில்லை. தை பிறந்ததும், வைகாசி முகூர்த்த நாட்களிலும், பள்ளி விடுமுறையிலும் எல்லாரும் ஒருசேரப் புறப்படுவர். அந்நாட்களில் வண்டியும் ஆளும் அரிதாகும், கூலியும் ஏறும். இவற்றை அவ்விளைஞர் ஒளிக்காமல் கூறினார். ஆனி மாதத்தின் இடைநாள் ஒன்றைக் குறித்துக்கொண்டால் செலவு குறையும் என்றும் சொன்னார்.

ஒப்பந்தத்தைத் தாளில் எழுதித் தருமாறு குடும்பத் தலைவர் கேட்டார். இது நம்பிக்கையின்மை அன்று. நம்பிக்கை நெடுநாள் நிலைக்க வேண்டுமாயின் அதற்கு எழுத்துத் துணை வேண்டும். சரக்கு ஏற்றிச் செல்வோருக்கு நம் நாட்டில் நெடுங்காலமாகச் சட்டம் உண்டு. 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, சாலைவழிச் சரக்கேற்றிச் செல்லுதல் குறித்த சட்டம் 2007-இல் இயற்றப்பெற்று, 2011-இல் நடைமுறைக்கு வந்தது. இத்தொழில் செய்வோர் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. அனுப்புகிறவர் பொருளையும் அதன் மதிப்பையும் எழுதிக் கொடுக்க வேண்டும்; ஏற்றிச் செல்கிறவர் சரக்கு ரசீது தரவேண்டும். மதிப்பை எழுதாமல் விட்டால், பொருள் கெட்டபின் கிடைக்கும் ஈடும் குறுகிவிடும். இழப்பு நேர்ந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தால் அறிவித்தல் வேண்டும். நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் வழியுண்டு. ஆனால் கையில் தாள் இல்லாதவருக்கு வாய்ச்சொல் மட்டுமே சான்று. அது வழக்கில் நில்லாது.

ஆகவே, பதிவு எண், அலுவலக முகவரி, மொத்தத் தொகை, முன்பணம், புறப்படும் நாள், சேரும் நாள், காப்பீடு ஆகியன அனைத்தும் தாளில் ஏறின. அவர் கையொப்பமிட்டார். நான்கு வினாக்களுள் ஒன்றுக்கு விடை கிடைத்தது. எதைப் பிறர் கையில் ஒப்படைக்கலாம்? எதற்கு மதிப்பு எழுத இயலுமோ அதை ஒப்படைக்கலாம்.

அடுத்து, எதை விடுவது என்னும் வினா எழுந்தது. பரணிலிருந்து முப்பது ஆண்டுகள் இறங்கி வந்தன. உடைந்த குடைகள், மூடியில்லாத தூக்குகள், மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டி, எப்பொழுதோ வாங்கிய மருந்துப் புட்டிகள் எல்லாம் கூடத்தில் குவிந்தன. பயன்படுவனவற்றை வேண்டியவர்க்குக் கொடுத்தனர். பழையவற்றை எடைக்குப் போட்டனர். காகிதக் கட்டுகளையும் அவ்வாறே போட்டுவிட அவர் எண்ணியபோது மகள் தடுத்தாள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டு அழிந்த ஏட்டுச் சுவடிகளைப் பற்றி உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதியிருப்பதைப் பள்ளியில் ஆசிரியர் சொல்லக் கேட்டவள் அவள். தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். கட்டின் அடியில் பாட்டனாரின் கையெழுத்தில் ஒரு குடும்பக் கணக்கேடு இருந்தது. நெல்லின் விலையும், பிள்ளைகள் பிறந்த நாளும், கொடுத்த கடனும் அதில் இருந்தன. ‘பயனற்றது’ என்று ஒருவர் ஒதுக்குவது பிறிதொருவர்க்குக் குடும்ப வரலாறாக இருக்கலாம். ஆகவே குப்பையிலிடும் முன் வீட்டார் அனைவரும் ஒருமுறை காண்பது நன்று.

பின்னர்க் கட்டும் வேலை தொடங்கிற்று. இங்கே அவருடைய தொழிலறிவு பயன்பட்டது. கனமான நூல்களைச் சிறு பெட்டிகளிலும், இலேசான துணிகளைப் பெரிய பெட்டிகளிலும் இடச்செய்தார். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், விளிம்பு கீழே இருக்குமாறு நிறுத்தி வைத்தால் அதிர்ச்சியைத் தாங்கும் என்று காட்டினார். குளிர்பெட்டியை முதல்நாளே நிறுத்தி, பனி உருக விட்டு, துடைத்து உலர்த்தினர். எரிவாயு உருளையை வண்டியில் ஏற்றவில்லை. உருளையையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்து, வைப்புத் தொகையையும் சான்றையும் பெற்றனர். மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், நகைகள், பத்திரங்கள், பாட்டியின் மருந்துகள் ஆகியன தனிப்பையில் இடம் பெற்றன. அது வண்டியில் ஏறாது, கையோடு செல்லும்.

பெட்டிகளின்மேல் அவர் குறிகள் வரைந்தார். மேல் நோக்கிய இரண்டு அம்புகள், இப்பக்கம் மேலே இருக்கவேண்டும் என்பதைக் காட்டும். கண்ணாடிக் கிண்ணம், உடையும் பொருள் என்பதைக் காட்டும். குடை, நனையலாகாது என்பதைக் காட்டும். மொழி அறியாத துறைமுகத் தொழிலாளியும் படித்தறியுமாறு உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட குறிகள் இவை. ஊறுகாய்ச் சாடியின் பெட்டியில் மூன்று குறிகளையும் ஒருங்கே வரைந்தார். மனைவியார் அதைக் கண்டு புன்னகை செய்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டனர். இன்ன எண்ணில் இன்ன பொருள் என்று மகள் குறிப்பேட்டில் எழுதினாள். ஐம்பத்தெட்டாம் எண்ணுடன் வேலை முடிந்தது.

கூடத்தின் மூலையில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் அன்னையார். அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. மகன் கையிலிருந்த கரிய மையைப் பார்த்து, “எல்லாவற்றுக்கும் எண் எழுதினாயே, தம்பி, எனக்கு என்ன எண் எழுதப் போகிறாய்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது விளையாட்டாகத்தான். ஆயினும் மகனின் கை நின்றது. வண்டிக்காரரை மூன்று முறை கேட்டறிந்தவர், வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் முன்னரே சொன்னவர், பள்ளியிலும் எரிவாயு முகவரிடமும் எழுதிக் கொடுத்தவர், தம் அன்னையாரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பது அப்பொழுதுதான் அவர்க்குத் தெரிந்தது. முடிவான செய்தியைச் சொன்னாரே தவிர, அவர் விருப்பத்தைக் கேட்டாரில்லை.

அன்னையார் அருகில் அமர்ந்தார். “அம்மா, உங்களுக்கு இங்கிருந்து போக மனமில்லையா?” என்றார்.

“மனமில்லை என்று யார் சொன்னார்கள்? பேரன் இருக்குமிடம் எனக்கும் இடந்தான். ஆனால் எதிர்வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருமுறை திருவரங்கம் போய்வர வேண்டும். கொல்லையில் நிற்கிற முருங்கையை என்ன செய்வது என்றும் நீ கேட்கவில்லை” என்றார் அவர்.

அடுத்த இரு நாட்களும் அன்னையாருக்கென்றே ஒதுக்கப்பட்டன. முதல் நாள் முழுதும் எதிர்வீட்டுத் திண்ணையில் கழிந்தது. இரண்டாம் நாள் குடும்பத்தார் அனைவரும் பேருந்தில் திருச்சிராப்பள்ளி சென்று, காவிரியைக் கடந்து, திருவரங்கம் அடைந்தனர்.

குடிபெயர்வோர் திருவரங்கத்தில் கற்கவேண்டிய வரலாறு ஒன்றுண்டு. 1323-ஆம் ஆண்டில் தில்லிப் படை தெற்கே வந்தபோது அந்நகரம் ஒரே நாளில் வீடு பெயர நேர்ந்தது. அன்று வண்டி பேச நேரமில்லை. பட்டியல் எழுத நேரமில்லை. மூலவரின் பெரிய திருமேனியை எடுத்துச் செல்ல இயலாது. ஆகவே முன்னே சுவர் எழுப்பி மறைத்தனர். உற்சவத் திருமேனியைப் பிள்ளை உலகாசிரியரும் அடியாரும் தம்மோடு எடுத்துச் சென்றனர். முதுமையுற்றிருந்த அவ்வாசிரியர் வழியிலேயே உயிர் நீத்தார். சுதர்சன சூரி என்னும் அறிஞர் தாம் எழுதிய ‘சுருதப்பிரகாசிகை’ என்னும் உரைநூலையும், தம் மக்கள் இருவரையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார் என்றும், தேசிகர் அவர்களைக் காத்து மேற்கே கொண்டு சென்றார் என்றும் குருபரம்பரைச் செய்திகள் கூறும். மலையாள நாடு, மேல்கோட்டை, திருமலை எனப் பல இடங்களில் தங்கிய உற்சவத் திருமேனி 1371-ஆம் ஆண்டில் திருவரங்கம் மீண்டது என்பர். ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள்!

இக்கதையைப் பாட்டி சொல்ல, பேத்தி கேட்டாள். “பாட்டி, அவ்வளவு அவசரத்தில் பொன்னையும் மணியையும் எடுக்காமல் ஏட்டையும் பிள்ளைகளையுமா ஒப்படைத்தார்?” என்றாள்.

“பொன் போனால் பிறகு தேடிக்கொள்ளலாம். எழுதிய ஏடும் பெற்ற பிள்ளையும் போனால் தேடிக்கொள்ள முடியுமா?” என்றார் பாட்டி.

தம் கைப்பையில் இருந்த பத்திரங்களைக் குடும்பத் தலைவர் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். வீடு திரும்பியதும், பாட்டனாரின் கணக்கேட்டை முப்பத்தொன்றாம் எண் பெட்டியிலிருந்து எடுத்து அப்பையில் வைத்தார்.

குறித்த நாளில் விடியுமுன்னரே லாரி வந்தது. ஐந்து ஆட்கள் இறங்கினர். நெளிந்த அட்டை, குமிழ் உறை, கோணிச்சாக்கு, கயிறு ஆகியவற்றுடன் உள்ளே நுழைந்தனர். கட்டிலைக் கழற்றி, திருகாணிகளைச் சிறு பையிலிட்டுக் கட்டிலின் காலிலேயே கட்டினர். ஆட்டுக்கல்லைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. “இதைக் கொண்டு போவதற்குப் புதியதே வாங்கிவிடலாம், அம்மா” என்றார் ஓர் இளைஞர். “வாங்கலாம், தம்பி. ஆனால் இதன் குழி என் கைக்குப் பழகியது” என்றார் மனைவியார். அவ்விளைஞர் மறுசொல் சொல்லாமல் அதைச் சாக்கில் சுற்றித் தூக்கினார்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. அன்னையார் வந்தவர்களைத் திண்ணையில் அமரச்செய்து, இட்டலியும் மோரும் கொடுக்கச் செய்தார். பிறர் வீட்டுச் சுமையைத் தோளில் தாங்குவோர்க்குக் கூலி மட்டும் போதாது. நிழலும் நீரும் மதிப்பான சொல்லும் வேண்டும். அன்பாக நடத்தப்பட்ட கை பொருளையும் அன்பாகவே இறக்கி வைக்கும்.

ஒவ்வொரு பெட்டியும் வாயிலைக் கடக்கும்போது மகள் எண்ணைக் கூவிக் குறிப்பேட்டில் கோடிட்டாள். ரசீதில் மேற்பார்வையாளரும் தந்தையாரும் கையொப்பமிட்டனர். வெற்றறைகளைப் பெருக்கிச் சுத்தம் செய்து, திறவுகோலை வீட்டுக்காரரிடம் கொடுத்தனர். அடுத்து வருவோர் நுழையும் வீடு தூய்மையாக இருக்கவேண்டும் என்பது மனைவியாரின் கொள்கை.

கடைசியாக அன்னையார் கொல்லைப்புறம் சென்றார். மரத்தைப் பெயர்த்தெடுக்க இயலாது. ஆனால் முருங்கை போத்தில் தழைக்கும் மரம். கைப்பருமனுள்ள கிளை ஒன்றை வெட்டச்செய்து, ஈரச்சாக்கில் சுற்றி, தம் மடிமீது வைத்துக்கொண்டார். “இதற்கு எண் வேண்டாம்” என்றார்.

குளித்தலை, கரூர் வழியாகச் சென்று, மறுநாட் காலையில் கோயம்புத்தூர் வீட்டில் பொருள்கள் இறங்கின. அதற்கு முன்னரே விளக்கும், உப்பும், மஞ்சளும், நிறைகுடமும் உள்ளே சென்றிருந்தன; பால் பொங்கியிருந்தது. ஐம்பத்தெட்டு எண்களும் சரியாக இருந்தன. அலமாரியின் நிலைக்கண்ணாடியில் மட்டும் ஒரு விரிசல் தென்பட்டது. ஆட்கள் அஞ்சி நின்றனர். குடும்பத் தலைவர் சினந்தாரில்லை. விரிசலைப் படம் எடுத்துக்கொண்டு, ரசீதில் அதைக் குறித்து, மேற்பார்வையாளரின் கையொப்பத்தையும் பெற்றபின்னரே தாம் கையொப்பமிட்டார். தாளில் எழுதிய ஒப்பந்தம் இருந்தமையால் வழக்கும் வாதமும் இல்லாமல் சில வாரங்களில் அதற்குரிய ஈட்டுத்தொகை வந்து சேர்ந்தது. ஊறுகாய்ச் சாடி பழுதின்றி வந்தது.

அன்று மாலை, புதிய வீட்டின் பின்புறத்தில் முருங்கைப் போத்தை அன்னையார் நடுவித்தார். பேத்தி நீர் ஊற்றினாள். சில வாரங்கள் அது வெறும் கட்டையாகவே நின்றது. அன்னையாரும் அந்நாட்களில் அதிகம் பேசாதிருந்தார். ஒருநாட் காலையில் அதன் கணுவில் ஊசிமுனை போன்ற பச்சைத் தளிர் ஒன்று தோன்றியது. அதை முதலிற் கண்டவர் அவர்தாம். உடனே அவர் அடுத்த வீட்டுக்காரியை அழைத்துக் காட்டினார். அவளுடைய பெயரையும் அன்றுதான் கேட்டறிந்தார்.